பட்டச்சித்திரம்: ஓலையில் வாங்குவதா, துணியில் வாங்குவதா?

ஒடிசாவில் பூரிக்குப் பக்கத்தில் பார்கவி ஆற்றங்கரையில் இருக்கும் ரகுராஜ்பூரில் வீட்டுக்கு வீடு ஓவியர்கள்தான். பட்டச்சித்திரம் என்கிற அந்த ஊர்ப்பக்கத்து மரபு ஓவியம்தான் அவர்கள் வேலை. அதே தசாவதாரமும் அதே ஜகந்நாதரும் திண்ணையில் ஒரு பக்கம் துணியிலும் இன்னொரு பக்கம் பனையோலையிலும் இருக்கும். எதை எடுப்பது என்று அங்கே குழம்பாதவர்கள் குறைவு.

துணிக்கு ஒரு பெருமை உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜகந்நாதரை நீராட்டும் ஸ்நான பூர்ணிமைக்குப் பிறகு அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லி 15 நாள் தரிசனம் இருக்காது, அந்த நாட்களில் அவருக்குப் பதிலாகப் பூஜை ஏற்றுக்கொள்வது துணியில் வரைந்த படம்தான். பழைய பருத்தித் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கி ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். சங்கிலிருந்து வெள்ளை, இங்குலிகம் என்ற கனிமத்திலிருந்து சிவப்பு, அரிதாரம் என்ற கனிமத்திலிருந்து மஞ்சள், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க விளாம்பிசின். பத்தடி தள்ளி நின்றாலும் அந்தச் சிவப்பு நம்மைக் கூப்பிடும்.

ஓலை அப்படிக் கூப்பிடாது, நாம்தான் கிட்டே போக வேண்டும். காயவைத்துப் பதப்படுத்திய ஓலைகளை ஒரே அளவாக நறுக்கி, நூலால் கோத்து, விசிறி மடிப்பாக மடிக்கிறார்கள். அப்புறம் எழுத்தாணி. நம் ஊர்ச் சுவடி வேலையேதான்: கீறி முடித்து, விளக்குக்கரி மையைத் தேய்த்துத் துடைத்தால், கீறிய இடத்தில் மட்டும் கறுப்பு தங்கிவிடும். வண்ணம் என்றால் தப்பின இடத்தில் மேலே இன்னொரு பூச்சு போட்டுச் சமாளிக்கலாம். எழுத்தாணி கொஞ்சம் அழுந்திவிட்டாலோ நார் பிளந்துவிடும், பிளந்தது பிளந்ததுதான்.

நவகுஞ்சரத்தை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சரளா தாசரின் ஒடிய மகாபாரதத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்குக் காட்டிய உருவம் அது: சேவல் தலை, மயில் கழுத்து, காளைத் திமில், சிங்க இடை, பாம்பு வால். துணியில் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு நிறம் கொடுத்துப் பிரித்துவிடலாம். வெறும் கறுப்புக் கோட்டை வைத்துக்கொண்டு இறகு எது, பிடரிமயிர் எது, செதில் எது என்று பிரித்துக் காட்ட வேண்டியது ஓலைக்காரரின் பாடு. கோட்டின் நெருக்கத்தையும் வளைவையும் வைத்தே அதைச் செய்துவிடுகிறார்கள். எனக்கு இந்த ஒரு காரணமே போதும், ஓலைதான்.

சரி, வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஓலை மேல் படத்தை அச்சடித்து விற்பதும் உண்டு. விரல் நுனியால் மெல்லத் தடவினால் கீறல் தட்டுப்பட வேண்டும், கோடுகள் ஒரே கனத்தில் அச்சு அசலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். துணியில் ஓரத்தைப் பார்த்தால் அடுக்கு தெரியும்.

கூடத்துச் சுவரில் மாட்ட, வருகிறவர் கண்ணில் பட என்றால் துணியை எடுங்கள், மனக்குறை வராது. ஓலையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைக்க மட்டும் எனக்கு மனம் வருவதில்லை. சில ஓலைப்படங்களில் வட்டமாக வெட்டிய சின்னச் சின்னக் கதவுகள் இருக்கும், நகத்தால் தூக்கினால் உள்ளே இன்னொரு படம். கண்ணாடி போட்டுவிட்டால் அந்தக் கதவுகளை யார் திறப்பது?