பெரிய ஃபோர் வீல் டிரைவில் ஹைபிரிட்டை நம்பலாமா? டர்பனிலிருந்து ஓட்டிப் பார்த்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சோலார் மாட்டிக் கொடுக்கும் வேலை எனக்கு. பேனல், இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் ஏற்றிக்கொண்டு அண்டர்பெர்க், ஹிமெவில் பக்கத்துப் பண்ணைகளுக்கும், சானி பாஸ் என்ற மலைப்பாதை ஏறி பக்கத்து நாடான லெசோத்தோவுக்குள் இருக்கும் விடுதிகளுக்கும் போய் வருவதுதான் பிழைப்பு. முன்பு டீசல் வண்டி வைத்திருந்தேன். இப்போது ஓட்டுவது லேடர் சேசிஸ் என்ற ஏணி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கும் பெரிய ஹைபிரிட் எஸ்யூவி. டர்போ பெட்ரோல் எஞ்சின், அதற்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் மோட்டார், மெதுவாகப் பலத்தோடு ஏறி இறங்க உதவும் லோ ரேஞ்ச் கியர், அச்சின் இரு சக்கரத்தையும் ஒன்றாகச் சுழல வைக்கும் டிஃப் லாக் எல்லாம் உண்டு. மூன்றாவது வருஷம் நடக்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. கம்பெனிப் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நான் பட்ட தொல்லைகள் இந்த வகை வண்டிகள் பலவற்றுக்கும் பொதுவானவை.

கோயிலிலோ கல்யாண வீட்டிலோ பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அந்த பேட்டரியும் மோட்டாரும் நடுக்காட்டில் காலை வாரிவிடாதா?" இதுவரை மோட்டாரும் சரி, பெரிய பேட்டரியும் சரி, எனக்கு ஒரு தொல்லையும் கொடுத்ததில்லை. தொல்லை கொடுத்ததெல்லாம் அவற்றைச் சுற்றியுள்ள சில்லறைச் சாமான்கள்.

முதலில் 12 வோல்ட் பேட்டரி. சானி பாஸின் உச்சி 2,876 மீட்டர். ஜூலை மாத இரவில் அங்கே குளிர் உறைநிலைக்கு வெகு கீழே போய்விடும். ஒரு விடுதியில் இரவு தங்கிவிட்டுக் காலையில் வண்டியிடம் போனால் கதவே திறக்கவில்லை. சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் திறந்து உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். டேஷ்போர்டில் ஒரு விளக்கு கூட எரியவில்லை. பின்னால் பெரிய பேட்டரியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது, முன்னால் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, ஆனால் வண்டி பிணம் மாதிரி கிடக்கிறது. காரணம் எளிது. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர் என்ற மின் சுவிட்சுகள் மூட வேண்டுமென்றால், மூடலாமா என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர் முழிக்க வேண்டுமென்றால், முதலில் 12 வோல்ட் வேண்டும். அந்தச் சின்னப் பேட்டரி செத்துவிட்டால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தும் எடுக்க முடியாது. மேனுவல் கியர் டீசலாக இருந்தால் நாலு பேர் தள்ளிக் கிளப்பிவிடலாம். இதில் அதற்கு வழியில்லை. வேலைக்கென்று கொண்டுபோயிருந்த பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டதும் உடனே கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று என் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரியையும் சாகும்வரை காத்திராமல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது என்று முடிவு. ஹைபிரிட் வாங்குகிறவர் எவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, வண்டியின் இன்வெர்ட்டருக்கு, அதாவது பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிக்கு, குளிர்விக்கும் தண்ணீர் சுற்ற வைக்கும் பம்ப். உள்ளங்கையில் அடங்கும் சாமான். எஞ்சினுக்கு ஒரு கூலன்ட் சுற்று, இன்வெர்ட்டருக்குத் தனியாக இன்னொன்று. இரண்டாவது சுற்று எஞ்சினைவிடக் குறைந்த சூட்டில் ஓட வேண்டும். அந்தப் பம்ப் படுத்துவிட்டது. "ஹைபிரிட் சிஸ்டத்தைச் சோதிக்கவும்" என்று செய்தி வந்தது, வேகம் குறைந்தது, ஊர்ந்து ஊர்ந்துதான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வந்து சேர்ந்தேன். மாட்டும் வேலை அரை நாள்கூட ஆகவில்லை. ஆனால் பம்ப் வந்து சேர வாரக்கணக்கில் ஆனது. நாட்டிலேயே ஸ்டாக் இல்லை என்றார் டீலர். அதுவரை வாடகை வண்டியில் வேலை பார்த்தேன். அந்த வாடகையே பம்பின் விலையைப் போலப் பல மடங்கு. இதே நிலையில் பழைய டீசலுக்கு கோக்ஸ்டாட் மாதிரிச் சின்ன ஊரில்கூட தண்ணீர்ப் பம்ப் அன்றைக்கே கிடைத்திருக்கும். நம்பகத்தன்மை என்று நாம் பேசும்போது சாமான் கெடுகிறதா இல்லையா என்பதை மட்டும் பேசுகிறோம். கெட்டால் எத்தனை நாளில் திரும்ப ஓடும் என்பதுதான் வண்டியை வைத்துப் பிழைக்கிறவனுக்கு முக்கியம்.

சாட்ஸ்வொர்த்தில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் குடும்பம் நான்கு தலைமுறையாக இங்கே. தமிழில் நலம் விசாரிப்பார், மற்றதெல்லாம் ஆங்கிலம். உயர் மின்னழுத்த வேலைக்கான பயிற்சி முடித்தவர். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிளைக் காட்டினார். கேபிளுக்கு ஒன்றுமில்லை. அது போய்ச் சேரும் கனெக்டரைச் சுற்றியிருந்த உறைக்குள் மட்டும் செம்மண் ஈரத்தோடு அப்பியிருந்தது, ஓர் ஓரத்தில் வெளிர்பச்சைப் பூப்பு ஆரம்பித்திருந்தது. "டர்பன் உப்புக்காற்று, மேலே மலைச்சேறு, ரெண்டும் சேர்ந்தா இப்படித்தான் தம்பி" என்றார். டொயோட்டாவின் ராவ்4 ஹைபிரிட்டில் பின் மோட்டாருக்குப் போகும் கேபிளின் கனெக்டர் துருப்பிடித்த விவகாரம் உலகத்துக்கே தெரியும். வட அமெரிக்காவில் குளிர்காலச் சாலையில் தூவும் உப்பு அதற்குக் காரணமானது; கடைசியில் கம்பெனி அந்தக் கேபிளுக்கு வாரண்டியை நீட்டித்தது. ஹைபிரிட்டில் இத்தனை வருஷ அனுபவம் உள்ள கம்பெனிக்கே கனெக்டர் பாடம் எடுத்திருக்கிறது என்றால், மற்றவர்களின் வண்டியில் அடிப்பக்கத்தைக் கழுவிச் சோதிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. ஒவ்வொரு மலைப் பயணத்துக்குப் பிறகும் அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறேன். ஆனால் பிரஷர் வாஷரை கனெக்டருக்கு நேரே பிடிப்பதில்லை. அது சேற்றை உள்ளேதான் தள்ளும்.

கலஹாரிப் பாலைவனப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே கோடை மழைக்குப் பிறகு சாலையின் நடுத்திட்டில் புல் முட்டளவு நிற்கும். அதன் விதைகள் ரேடியேட்டரில் படை படையாக அப்பிக்கொள்ளும். அதனால்தான் முன் கிரில்லில் கொசுவலை மாதிரி ஒரு வலை கட்டுகிறார்கள். ஹைபிரிட்டில் முன்னால் இரண்டு, மூன்று அடுக்கு ரேடியேட்டர்கள். நடுவில் சிக்கிய விதையை எடுக்க விரல் போகாது. வலை கட்டாமல் போகவே கூடாது. பேட்டரியைக் காற்றால் குளிர்விக்கும் வண்டிகளில் பின் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும். மனைவி ஓட்டும் கரோலா கிராஸ் ஹைபிரிட்டில் அதை நானே கழற்றித் தட்டிவிடுவேன், ஐந்து நிமிஷ வேலை. அந்த வண்டி இங்கேயே, டர்பனின் புரோஸ்பெக்டன் தொழிற்சாலையில் 2021 முதல் தயாராகிறது. பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,95,000 கிலோமீட்டர் வாரண்டி.

மலை இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், விளம்பரத்தில் யாரும் சொல்லாத விஷயம் அது. சானி பாஸ் 1,544 மீட்டரில் தொடங்கி 1,332 மீட்டர் செங்குத்தாக ஏறுகிறது. சாமானோடு சேர்த்து 3 டன் என்று வைத்துக்கொண்டால், இறங்கும்போது அந்த உயரத்தில் அடங்கியிருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 11 யூனிட். கல்லும் மண்ணும் டயரும் பாதியைத் தின்றுவிட்டாலும் ஐந்தாறு யூனிட் மிஞ்சும். என் வண்டியின் பேட்டரியோ இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. வழி பாதி முடிவதற்குள் நிரம்பிவிடும். நிரம்பியதும் மோட்டார் பிரேக் பிடிப்பதை நிறுத்திவிடும், வண்டி திடீரென்று லேசாகி முன்னால் ஓடுவது காலுக்குத் தெரியும். விடியற்காலைக் குளிரிலும் இதே கதைதான். உறைந்திருக்கும் லித்தியம் பேட்டரி வேகமாகச் சார்ஜ் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே இறக்கம் தொடங்குவதற்கு முன்பே லோ ரேஞ்சில் போட்டு எஞ்சின் பிரேக்கில் இறங்குகிறேன், டீசலில் இறங்கியது போலவே. ஏற்றத்தில் மோட்டாரின் பலம் அருமை. காற்று மெலிந்த உயரத்தில் டர்போ எஞ்சின் சற்று மூச்சு வாங்கும், மோட்டாருக்கு அந்தக் கவலை கிடையாது. பாறைப்படி ஒன்றில் டயரை வைத்து மெல்ல ஏற்றும்போது ஹைபிரிட் தரும் நிதானத்தை எந்த டீசலும் எனக்குத் தந்ததில்லை. நீண்ட நெடுஞ்சாலை ஏற்றத்தில்தான் அது குறைகிறது. என்3 நெடுஞ்சாலையில் ஜோஹன்னஸ்பர்க் நோக்கி டிரெய்லரோடு வான் ரீனன் பாஸ் ஏறினால் பேட்டரி சீக்கிரம் காலி. பிறகு சின்ன எஞ்சின் தனியாக அத்தனை பாரத்தையும் இழுக்கிறது, பெட்ரோல் ஆறாக ஓடுகிறது. நகரத்துக்குள் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கிடைக்கும் வண்டி அன்று ஏழு கொடுத்தாலே பெரிது.

அப்படியானால் பெரிய பேட்டரியோடு, வெளியே பிளக்கில் போட்டுச் சார்ஜ் ஏற்றும் பிளக்-இன் ஹைபிரிட் நல்லதா? 2025-இல் இங்கே வந்த பிஒய்டி ஷார்க் 6 பிக்கப்பில் 29.58 யூனிட் பேட்டரி. சானி இறக்கம் முழுவதையும் அது விழுங்கிவிடும். சைட்டில் வண்டியிலிருந்தே மின்சாரம் எடுத்து டிரில் ஓட்டலாம், எனக்கு அது பெரிய வசதி. ஆனால் அதில் லோ ரேஞ்ச் இல்லை. பின் அச்சுக்கு எஞ்சினிலிருந்து தண்டும் போவதில்லை. பின் சக்கரம் சுழல்வது மின்சாரத்தை மட்டும் நம்பி. இழுவைத் திறன் 2,500 கிலோ, டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் பிக்கப்புக்கு 3,500. எடைதான் மின்சார வண்டிகளின் நிரந்தரச் சிக்கல். மெர்சிடிஸ் ஜி 580-இல் சக்கரத்துக்கு ஒரு மோட்டார், 850 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும், அற்புதமான பொறியியல். ஆனால் வெறும் வண்டியே 3 டன்னுக்கு மேல், மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. நாலு பேர் ஏறி, கூரையில் டென்ட் போட்டு, தண்ணீரும் வைத்தால் வரம்பு முடிந்தது.  என் வண்டியிலும் கூடுதல் எடையின் கூலியை டயரும் புஷ்ஷும் ஷாக் அப்சார்பரும்தான் கட்டுகின்றன. பிரேக் பேட் மட்டும் தேயவே மாட்டேன் என்கிறது. அதிகம் உழைக்காததால், பேடைப் பிடித்திருக்கும் பின்பக்கக் காலிப்பரின் ஸ்லைடு பின்கள் தூசியில் இறுகிக்கொள்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி கிரீஸ் வைக்கச் சொல்கிறேன்.

டீசல்தான் நம்பிக்கை என்று அடித்துப் பேசுகிறவர்கள் டிபிஎஃப் என்ற புகைக்கரி ஃபில்டர் பற்றி வாய் திறப்பதில்லை. நகரத்துக்குள்ளேயே ஓடினால் அந்த ஃபில்டரில் கரி அடைத்துக்கொள்ளும், நெடுஞ்சாலையில் சூடேற்றி எரித்தால்தான் தெளியும். ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல்களின் டிபிஎஃப் குறைபாடு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. பெட்ரோலும் தப்பவில்லை. 2024 மே மாதம் டொயோட்டா சுமார் 1,02,000 டண்ட்ரா பிக்கப், லெக்சஸ் எல்எக்ஸ் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது எஞ்சினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள் மெயின் பேரிங்கைக் கெடுத்து, ஓடும்போதே எஞ்சினை நிறுத்திவிடலாம் என்பது காரணம். ஹைபிரிட் டண்ட்ரா அந்தப் பட்டியலில் இல்லை. எஞ்சின் நின்றாலும் மோட்டார் கொஞ்ச தூரமாவது வண்டியை நகர்த்தும் என்பதால்தான். ஹைபிரிட் என்றால் கெடுவதற்குச் சாமான் இரட்டிப்பு என்பது உண்மை. ஒன்று நின்றால் தாங்கிப்பிடிக்க இன்னொன்று இருக்கிறது என்பதும் உண்மை.

முழு மின்சார வண்டியை நான் மனதார விரும்பும் இடம் சஃபாரி விடுதிகள். போட்ஸ்வானாவின் சோபே கேம் லாட்ஜ் 2014-லேயே அதை ஆரம்பித்துவிட்டது. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம், மெதுவான ஓட்டம், இரவு கட்டாயம் அதே கொட்டகைக்குத் திரும்புதல். நண்பகலில் வண்டி சும்மா நிற்கும்போது விடுதிக் கூரையில் சோலார் கொட்டுகிறது. இதைவிடப் பொருத்தமான வேலை மின்சார வண்டிக்குக் கிடையாது. யானைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் போய் நிற்கலாம். ஆயில் கேன்களைக் காட்டுக்குள் சுமக்க வேண்டாம். 2024 மார்ச் கடைசியிலிருந்து லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது என்றாலும், அரசு மின் நிறுவனமான எஸ்காமை மட்டும் நம்பி வேலைக்கான மின்சார வண்டியை வாங்கு என்று யாரிடமும் சொல்ல எனக்கு இன்னும் துணிச்சலில்லை. சொந்த சோலார் இருந்தால் பேச்சே வேறு.

என் இரண்டாவது வேலைக்குழுவுக்கு அடுத்து வாங்கப்போவது ஹைலக்ஸ் 2.8 டீசல், 2024-இல் வந்த, எஞ்சினுக்குக் கைகொடுக்கும் சின்ன 48 வோல்ட் மோட்டாரோடு. அதன் மோட்டார் 12 கிலோவாட்தான். டீசல் மிச்சமும் பெரிதாக இருக்காது. ஆனால் 700 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் திறன் குறையவில்லை, சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும், அந்தக் குழு போகும் இடங்கள் லெசோத்தோவின் உட்பகுதி. என் ஹைபிரிட்டை விற்கப் போவதில்லை. வாரத்தில் பெரும்பகுதி டர்பன் நெரிசலும் மாதத்தில் ஒன்றிரண்டு மலையும் என்றால் அதற்கு ஈடு இல்லை. ஹைபிரிட்தான் என்று முடிவு செய்தவர்கள் டெஸ்ட் டிரைவைவிட அதிக நேரத்தை டீலரின் சாமான் கவுன்ட்டரில் செலவிடுங்கள். இன்வெர்ட்டர் பம்ப், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர், ஆரஞ்சுக் கேபிள் இந்த மூன்றும் இந்த நாட்டில் ஸ்டாக் இருக்கிறதா, உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவர் உங்களுக்குப் பக்கத்தில் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.