ஆமணக்கு, பப்பாளி, அன்னாசி: எந்தப் புரதம் மருந்தாகத் தேறியது?

ஆட்டுக்கறி வேகாவிட்டால் குழம்பில் இரண்டு துண்டு பப்பாளிக்காயைப் போடுகிறோம். அன்னாசிப் பழத்தை அளவுக்கு மிஞ்சித் தின்றால் நாக்கு எரிகிறது. இரண்டுக்கும் காரணம் புரதத்தை வெட்டும் நொதிகளே. ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் வேறு வகையைச் சேர்ந்த, கொடிய நச்சுப் புரதம். புற்றுக்கட்டிக்கு ரிசின், முதுகு வலிக்குப் பப்பாளிப் பாலிலிருந்து எடுத்த கைமோபாப்பெயின், வீக்கத்துக்கு அன்னாசித் தண்டின் புரோமெலைன் என மூன்றையும் மருத்துவ உலகம் முயன்று பார்த்திருக்கிறது.

வீரியத்தில் ரிசினை மற்றவை நெருங்க முடியாது. 1888-இல் டோர்பாட் (இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டு) பல்கலைக்கழகத்தில் ஸ்டில்மார்க் என்ற ஆய்வாளர் அதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். ஏ, பி என இரு புரதச் சங்கிலிகள் இணைந்ததே ரிசின். அதன் பி சங்கிலி செல்லின் மேலுள்ள கேலக்டோஸ் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய வழி செய்கிறது. ஏ சங்கிலி, செல்லுக்குள் புரதம் செய்யும் பொறியான ரைபோசோமின் ஆர்என்ஏவிலிருந்து அடினின் என்ற ஒரே ஒரு துண்டைக் கழற்றிவிட, அந்த ரைபோசோம் அதன்பின் புரதம் செய்வதில்லை. (விளக்கெண்ணெய் குடித்தவர்கள் அஞ்ச வேண்டாம், ரிசின் எண்ணெயில் கரையாது, புண்ணாக்கிலேயே தங்கிவிடும்.) சிக்கல் என்னவென்றால், கேலக்டோஸ் நல்ல செல்களிலும் உண்டு. அதனால் பி சங்கிலியை நீக்கி, புற்றுச் செல்லைத் தேடிச் செல்லும் ஆன்டிபாடியுடன் (எதிர்ப்புப் புரதத்துடன்) ஏ சங்கிலியைப் பிணைத்தார்கள். அப்போதும் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் வீங்கியது. நோயாளியின் உடலே ரிசினுக்கு எதிராக ஆன்டிபாடி செய்யத் தொடங்கியதால், திரும்பத் திரும்பக் கொடுக்கவும் இயலவில்லை. குன்றிமணியின் நஞ்சான அப்ரினும் இதே வழியில் வேலை செய்வதால் இதே தடையில்தான் முட்டிக்கொள்கிறது.

கைமோபாப்பெயினின் கதை இதைவிடக் கவனிக்கத்தக்கது, ஏனெனில் அது உண்மையிலேயே வேலை செய்தது. முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் வலிக்கு, டிஸ்கின் நடுவிலேயே ஊசி மூலம் நொதியைச் செலுத்தி, உள்ளிருக்கும் கூழைக் கரைத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். 1960-களில் அமெரிக்க எலும்பு மருத்துவர் லைமன் ஸ்மித் தொடங்கிய இந்த முறைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1982-இல் ஒப்புதல் தந்தது. ஆனால் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையும், அரிதாகக் கால்கள் செயலிழக்கும் தண்டுவடப் பாதிப்பும் நேர்ந்தன. கறியை மென்மையாக்கும் பொடிகளில் பப்பாளி நொதியைச் சேர்ப்பதுண்டு என்பதால், ஊசி போடும் முன்பே சிலரது உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டிருந்தது வியப்பன்று. பின்னாளில் அமெரிக்கச் சந்தையிலிருந்தே அது மறைந்தது.

புரோமெலைனை மாத்திரையாக மட்டும் மதிப்பிட்டால் நான் குறைந்த மதிப்பெண்தான் போடுவேன். கடைவாய்ப் பல் பிடுங்கியபின் வரும் வீக்கத்துக்கு அதைக் கொடுத்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தக் கசிவு பற்றிய எச்சரிக்கையும் உண்டு. ஆனால் தோல்மேல் பூசும்போது அது வேறு மருந்தாகிறது. புரோமெலைன் நிறைந்த நெக்ஸோபிரிட் களிம்பை ஆழமான தீக்காயத்தின் மேல் நான்கு மணி நேரம் வைத்திருந்தால், நல்ல தசையைப் பெரிதும் விட்டுவிட்டுக் கருகிய தோலை மட்டும் கரைக்கிறது. கத்தியால் செதுக்கும் தேவை குறைகிறது. ஐரோப்பா 2012-இலும் அமெரிக்கா 2022-இலும் இதை ஏற்றன.

மூன்றில் தேறியது இதுதான் என்பேன். இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்ற வேண்டிய கட்டாயம் இதற்கில்லை. நான்கு மணி நேரத்தில் வழித்தெடுத்துவிடலாம். ஆயினும் பூசுமுன் மருத்துவர் அன்னாசி ஒவ்வாமையோடு பப்பாளி ஒவ்வாமையையும் கேட்டறிய வேண்டும். இரு நொதிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒன்று ஒத்துக்கொள்ளாத உடல் மற்றதையும் ஏற்காமல் போகலாம்.