திருமணப் பதிவுச் சேவை: இணையம் பாதி, சார்பதிவாளர் அலுவலகம் மீதி

தமிழ்நாடு பதிவுத்துறையின் தளத்தில் திருமணப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றதும் சான்றிதழ் வீடு தேடி வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இணையத்தில் முடிவது விண்ணப்பம் மட்டும்தான். மணமக்களும் சாட்சிகளும் அசல் ஆவணங்களோடு சார்பதிவாளர் முன் போய் நின்றே ஆகவேண்டும். அந்த அளவில் பார்த்தால் சேவை நன்றாகவே இருக்கிறது.

ஆளைத் திணறடிப்பது ஒரே கேள்வி: எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு? தளம் சட்டங்களின் பெயரைக் காட்டுகிறதே ஒழிய, யாருக்கு எது என்று புரியும்படி சொல்வதில்லை.

2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. திருமணம் நடந்த 90 நாளுக்குள் பதியவேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். இருவரும் இந்துக்கள் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் கீழும் பதியலாம். ஐயர் வைத்துச் செய்யாத சுயமரியாதைத் திருமணமும் அதன் 7-ஏ பிரிவில் செல்லும். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் போதும்.

மதம் வேறு வேறு, யாரும் மாறப்போவதில்லை என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் பொதுவான வழி. இருவரில் ஒருவராவது விண்ணப்பிக்கும் மாவட்டத்தில் தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். திருமணம் செய்யப்போவதாக அறிவிப்பு கொடுத்தபின் இன்னொரு 30 நாள் காத்திருப்பு; சாட்சிகள் மூவர். அறிவிப்பு கொடுத்த மூன்று மாதத்துக்குள் திருமணம் முடியாவிட்டால் அது காலாவதியாகும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். வெளியூரில் நிரந்தர முகவரி இருந்தால் அந்த மாவட்ட அலுவலகத்திலும் அறிவிப்பை ஒட்டுவார்கள். வீட்டுக்குத் தெரியாமல் திருமணம் செய்பவர்களுக்கு ஆபத்தே இங்குதான். இந்தச் சேவையில் மாற்றவேண்டிய முதல் விஷயமும் இதுதான், ஆனால் அது அலுவலகத்தின் கையில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது.

விசாவுக்காக முன்கூட்டியே பதிந்துவிட்டு, கல்யாணத்தை ஆறு மாதம் கழித்து மண்டபத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் பெருகியிருக்கிறது. சடங்கு எதுவும் நடக்காத இந்து திருமணம், பதிவுச் சான்றிதழ் மட்டும் இருந்தால் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அவசரமென்றால் எளிமையாகவாவது திருமணத்தை நடத்திவிட்டு, அந்தத் தேதியையே விண்ணப்பத்தில் எழுதுங்கள். பதிவே திருமணமாக நிற்பது சிறப்புத் திருமணச் சட்டத்தில்தான்.

ஆவணங்களில் வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், அழைப்பிதழ் ஆகியவை வழக்கமானவை. இழுபறி வருவது பெயரில். ஆதாரில் இனிஷியல் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால், அழைப்பிதழில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்றிருந்தால் அலைச்சல் நிச்சயம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும். வெளிநாடு போகிறவர்கள் ஆங்கில எழுத்துகளை அதற்கேற்பவே நிரப்பவேண்டும். கையெழுத்துப் போடும் முன் இரண்டு பெயர்களையும் திருமணத் தேதியையும் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துவிடுங்கள். பதிவான பிறகு திருத்துவதற்கு, புதிதாகப் பதிவதைவிட அதிகம் நடக்கவேண்டியிருக்கும்.