ஃபேமிலிசர்ச்: காசு வாங்காத குடும்ப வரலாற்றுத் தளம், தேறுமா?

குடும்ப வரலாறு தேடலாம் என்று இணையத்தில் இறங்கினால் பாதி இடங்களில் சந்தா கட்டச் சொல்வார்கள். ஃபேமிலிசர்ச்சில் அந்தத் தொல்லை இல்லை, கணக்கு தொடங்கினால் போதும். நடத்துவது அமெரிக்காவின் யூட்டாவில் தலைமையகம் வைத்திருக்கும் மார்மன் திருச்சபை என்ற கிறிஸ்தவ மரபுச் சபை. முன்னோர்களுக்காகச் சடங்கு செய்வதும் அவர்கள் நோக்கங்களில் ஒன்று, அதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். 1938-இலிருந்து பல நாட்டுப் பதிவேடுகளை மைக்ரோபிலிமில் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுக்கும் பிலிம் சுருள்) எடுத்து, மலையைக் குடைந்து கட்டிய பெட்டகத்தில் சேர்த்து வைத்தவர்கள் இவர்கள்; அதில் சுமார் 24 லட்சம் சுருள்களை ஸ்கேன் செய்து முடித்தது 2021-இல்.

பெயரைத் தட்டியதும் கொட்டிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். பல பதிவேடுகள் வெறும் படங்களாகவே இருக்கின்றன, பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் ஆக வேண்டும். சிலவற்றை ஒப்பந்தக் கட்டுப்பாட்டால் அவர்களுடைய மையத்துக்குப் போனால்தான் பார்க்க முடியும்.

யார் யாருக்கு என்ன உறவு என்று காட்டும் குடும்ப மரம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. உலகத்துக்கே ஒரே மரம். இறந்தவர்களின் விவரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். என்ன மாறியது என்ற பட்டியல் இருக்கிறது, பழையபடி மாற்றவும் முடியும், சரி, ஆனால் உங்கள் கொள்ளுப்பாட்டிக்குக் காவல் நீங்கள்தான்.

நினைவுகள் என்ற பகுதி ஒன்றுக்காகவே கணக்கு தொடங்கலாம் என்பேன். பழைய போட்டோவை ஏற்றி, யார் யார் என்று குறித்து, அதைப் பற்றி ஒருவர் பேசுவதைப் பதிவு செய்து கூடவே வைக்கலாம். பெரியவர்களிடம் “உங்க கதையைச் சொல்லுங்க” என்றால் இரண்டு வரியோடு நிறுத்திவிடுவார்கள். போட்டோவைக் கையில் கொடுத்து, ஓரத்தில் பாதி முகம் தெரிகிறதே அது யார், இதை யார் எடுத்தது, அந்தச் சட்டை யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், பேச்சு தானாக வரும். ஃபேனை நிறுத்திவிட்டு போனை அவர் பக்கத்திலேயே வையுங்கள், இல்லாவிட்டால் காற்றுச் சத்தம்தான் பதிவாகும். அப்புறம், போட்டோவின் பின்பக்கம் எழுதியிருப்பதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். நீங்கள் புதிதாகப் பெயர் எழுதுவதாக இருந்தால் பால்பாயின்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதினால் போதும்.

இதை மட்டும் நம்பி மூலப்பிரதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒரு பிரதி, அதற்கு மேல்தான் இது. ஏற்றுவதற்கு முன் யாருக்கெல்லாம் தெரியும் என்ற அமைப்பையும் பாருங்கள், போட்டோவில் உயிரோடு இருப்பவர்கள் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.