ஹவானாவிலிருந்து வரதேரோவுக்கு "கிராமம் சுற்றிக் காட்டுகிறேன்" என்பவரிடம் கவனம்

டொராண்டோவிலிருந்து கியூபா போகிறவர்களில் சிலர் இப்போது நேராகக் கடற்கரை ஊரான வரதேரோவில் இறங்காமல், ஹவானாவைப் பார்த்துவிட்டுக் காரில் கடற்கரைக்குப் போகிறார்கள். நல்ல யோசனைதான். 140 கிலோமீட்டர், வழி நெடுக மலையும் கடலும். அந்த வழியில்தான் எங்களை நன்றாகக் கறந்தார்கள்.

ஹவானாவில் ஹோட்டல் வாசலில் நின்ற ஒருவர் லேமினேட் செய்த படங்களைக் காட்டினார். ஹெர்ஷே சாக்லேட் கம்பெனி அந்தக் காலத்தில் கட்டிய சர்க்கரை ஆலை ஊர், யுமுரி பள்ளத்தாக்கு, பெல்லமார் குகை, ஒரு புகையிலைத் தோட்டம், கடைசியில் எங்கள் ரிசார்ட் வாசல். ஏசி வேன், மொத்தம் 200 கனடிய டாலர், பாதி முன்பணம். மறுநாள் காலை வந்தது லாடா என்கிற பழைய ரஷ்யக் கார். ஏசி கிடையாது. பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"ஹெர்ஷே பக்கம் போக பெட்ரோல் போதாது" என்றார் டிரைவர். கியூபாவில் எரிபொருள் தட்டுப்பாடு உண்மைதான், அதனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் சுருட்டு விற்கிற வீட்டுக்குப் பிரதான சாலையை விட்டு உள்ளே போக மட்டும் பெட்ரோல் இருந்தது. அதுதான் "புகையிலைத் தோட்டம்". கியூபாவின் பேர்போன புகையிலை விளைவது ஹவானாவுக்கு மேற்கே, பினார் தெல் ரியோவில். நாங்கள் போய்க்கொண்டிருந்ததோ கிழக்கே! கொல்லையில் கயிற்றில் நாலு காய்ந்த இலை, மேசை நிறையப் பெட்டிகள். "கூட்டுறவுச் சங்கத் தள்ளுபடி, இன்றைக்கு மட்டும்" என்றார்கள். மச்சான் கண்ணாடி மூடி போட்ட கொஹிபா (கியூபாவின் பேர்போன சுருட்டு) பெட்டி ஒன்று வாங்கினார். கொஹிபா கண்ணாடி மூடிப் பெட்டியில் வருவதே இல்லை. கண்ணாடி மூடி என்றால் போலி, அவ்வளவுதான். அரசுக் கடை ரசீது இல்லாமல் உதிரிச் சுருட்டு 20க்கு மேல் போனால் விமான நிலையத்தில் பறிமுதல் வேறு.

அங்கேதான் இன்னொரு வேலையும் நடந்தது. மீதிப் பணமாகத் தந்த தாள்களில் 'பெசோஸ் கொன்வெர்தீப்லெஸ்' என்று அச்சிட்டிருந்தது. அது கியூபாவில் முன்பு பெசோவோடு கூட ஓடிய இன்னொரு நாணயம், 2021இல் புழக்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். பார்க்கப் புதுத் தாள் போலவே இருக்கும், பெட்டிக்கடையில்கூட வாங்க மாட்டார்கள். மீதி வாங்கும்போது அந்த வார்த்தை இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். மீதி வாங்குவதைவிடச் சில்லறை வைத்துக்கொண்டு சரியான தொகையைக் கொடுப்பது மேல்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பாக்குனாயாகுவா பாலத்தில் நிறுத்தினார்கள். 1959இல் திறந்தது, கியூபாவிலேயே உயரமான பாலம். கீழே 110 மீட்டர் பள்ளம், பனைமரங்கள், கண் மட்டத்தில் வட்டமிடும் கழுகுகள். அங்கே பீனா கொலாடா (அன்னாசி, தேங்காய் கலந்த பானம்) குடித்த அரை மணி நேரம்தான் அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த கிராமம்.

பெல்லமார் குகை "இன்று மூடல்" என்றார் டிரைவர். அன்று மாலை ரிசார்ட்டில் சந்தித்த ஒரு குடும்பம் மதியம்தான் அங்கே போய்வந்திருந்தது.

வரதேரோ 20 கிலோமீட்டர் நீளமான ஒல்லித் தீபகற்பம். எங்கள் ரிசார்ட் அதன் மறு நுனியில். டிரைவர் ஊர் தொடக்கத்திலேயே வண்டியை நிறுத்தி, "பேசியது வரதேரோ வரைக்கும்தான்" என்று மேற்கொண்டு 40 டாலர் கேட்டார். வாக்குவாதத்துக்குப் பிறகு 20இல் முடிந்தது. அவர் மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. முன்பணத்தில் தன் கைக்கு வந்தது சொற்பம் என்றார், அவர் முகத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றியது.

வாசலில் படம் காட்டியவரைப் பற்றி ஹவானா ஹோட்டலுக்குப் போன் செய்தால், "அவர் எங்கள் ஆள் இல்லை" என்றார்கள். அதனால் வாசலில் நிற்பவரிடம் பேசாதீர்கள். தங்கும் வீட்டுக்காரர் மூலமோ ஹோட்டலுக்குள் இருக்கிற சுற்றுலா மேசையிலோ ஏற்பாடு செய்யுங்கள். தொகை எந்த நாணயத்தில், தலைக்கா வண்டிக்கா, எங்கெங்கே நிறுத்தம், ரிசார்ட்டின் முழுப் பெயர் எல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். டாலர் குறியை நம்பாதீர்கள், கியூபா பெசோவுக்கும் அதே குறிதான். முன்பணம் கேட்டால் கொஞ்சம் மட்டும் கொடுங்கள். மீதியை ரிசார்ட் வாசலில் பெட்டிகளை இறக்கிய பிறகு கொடுத்தால் போதும்.