சிறுநீரகம் போன நாய்க்கு எது நல்லது: மருத்துவமனையா, வீடா, ஊசியா?

வயதான நாய்க்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு) 5-ஐத் தாண்டிவிட்டது என்று ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். எவ்வளவு செலவானாலும் பார்த்துவிடலாம் என்று ஒரு கட்சி, வயசான காலத்தில் அதைப் போட்டு ஏன் படுத்தணும் என்று இன்னொரு கட்சி. நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “அது பாட்டுக்கு விட்டுடுங்க, தானா போய்ச் சேரும்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆக நாலு வழி: மருத்துவமனையில் சேர்ப்பது, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது, ஒன்றும் செய்யாமல் விடுவது, ஊசி போட்டு வலியில்லாமல் உயிரை அனுப்பிவிடுவது. இதை முடிவு செய்வது பாசமும் பர்ஸும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். என்னைக் கேட்டால், இந்த நோய் கடைசியில் உடம்பை என்ன செய்யும் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் கணக்கு வேறு, இங்கே சிறுநீரகம் மட்டும்.

முதலில் ஒன்று தெரிந்தாக வேண்டும். இது திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? எலி மூத்திரம் கலந்த மழைத் தண்ணீரால் தொற்றும் லெப்டோஸ்பைரோசிஸ், பாம்புக்கடி, விஷம் போன்றவற்றால் நேற்று வரை ஓடிக்கொண்டிருந்த நாய்க்கும் கிரியேட்டினின் எகிறும். அந்த நாய் பிழைத்துப் பழையபடி எழுந்து நடக்க வாய்ப்பு உண்டு. பல மாதமாகத் தண்ணீர் நிறையக் குடித்து, நிறையச் சிறுநீர் போய், இளைத்துக்கொண்டே வந்த நாய்க்கு நிலைமை வேறு. சிறுநீரகத்தின் வேலை செய்யும் திறனில் முக்கால்வாசி போன பிறகுதான் ரத்தத்தில் இந்த எண் ஏறும், போனது திரும்பி வராது. ஐரிஸ் என்ற சர்வதேச அமைப்பின் அளவுகோலில் நாள்பட்ட நோயில் 5-க்கு மேல் என்றால் நாலாம் நிலை, அதாவது கடைசி நிலை. ஆனால் உடம்பில் நீர் வற்றியிருந்தாலும் எண் கூடுதலாகக் காட்டும் என்பதால், ட்ரிப் ஏற்றிய பிறகு எடுத்த ரிப்போர்ட்டை வைத்துப் பேசுங்கள்.

திடீர் வகை என்றால் யோசிக்கவே வேண்டாம், மருத்துவமனைதான். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் நாய்களுக்கு டயாலிசிஸ் செய்யும் வசதியே இருக்கிறது. தன் சிறுநீரகம் தேறி வரும் வரை தாக்குப்பிடிக்க வைப்பதற்கு அது அருமையான ஏற்பாடு. நாள்பட்ட நோய்க்கு அதையே கேட்டால், திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேண்டும், முடிவே கிடையாது. கடைசி நிலை நாயை இரண்டு மூன்று நாள் ட்ரிப்பில் வைத்து மறுபடி ரத்தம் பார்ப்பது நியாயமான முயற்சி. எண்ணும் இறங்கவில்லை, சாப்பாட்டுக்கும் வாய் திறக்கவில்லை என்றால், அதற்குப் பிறகு கூண்டுக்குள் கழிகிற ஒவ்வொரு நாளும் நம் மனசுக்காகத்தான், நாய்க்காக இல்லை.

வீட்டு வைத்தியம்தான் பலருக்கும் சரிப்பட்டு வரும், ஆனால் இதைத்தான் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. டாக்டர் சொல்லும் அளவு ரிங்கர் லாக்டேட் என்ற ட்ரிப் திரவத்தைத் தோள்பட்டைக்கு நடுவில் தோலைத் தூக்கிப் பிடித்து உள்ளே ஏற்றுவார்கள், நமக்கும் கற்றுக்கொடுப்பார்கள். ஒட்டகத் திமில் மாதிரி ஒரு வீக்கம் வரும், அப்புறம் மெல்ல முன்னங்கால் பக்கம் இறங்கி வடிந்துவிடும், பயப்பட வேண்டாம். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஏற்றினால் நாய் அவ்வளவு சிலிர்க்காது. இதயக் கோளாறும் இருக்கும் நாய்க்கு இந்த வேலையே கூடாது, நீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். சாப்பாட்டில் பாஸ்பரஸ் குறைய வேண்டும், அதற்கென்றே விற்கும் உணவைச் சீண்டாத நாய்க்குச் சோற்றோடு வேகவைத்த முட்டை வெள்ளைக்கரு கொடுக்கச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. குமட்டலுக்கு மருந்து கேட்டு வாங்குங்கள், பாதிப் பட்டினி குமட்டலால்தான் வருகிறது. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் புரூஃபனை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அது முடித்துவிடும்.

இந்த வழியில் சில வாரமோ சில மாதமோ நல்லபடியாக ஓடலாம். சிக்கல் என்னவென்றால் இது எங்கே முடிகிறது என்று தெரியாது. தினமும் பார்க்கிறவர் கண்ணுக்குச் சரிவு தெரியாது, ஊரிலிருந்து வருகிற அத்தைதான் “என்ன இப்படி ஆயிடுச்சு” என்பார்.

ஒன்றும் செய்யாமல் விடுவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாவம் நம் தலையில் விழாது என்பதால் நம் வீடுகளில் இதற்குத்தான் மரியாதை அதிகம். தூக்கத்திலேயே உயிர் போகும் என்று நினைக்கிறோம். சிறுநீரகம் செயலிழந்த நாய் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. யூரியா ஏறி வாயெல்லாம் புண்ணாகும், மூச்சில் மூத்திர வாடை அடிக்கும், ஓயாமல் வாந்தி, கடைசியில் வலிப்பு. குமட்டலுக்கும் வலிக்கும் மருந்து கொடுத்துக்கொண்டே இயற்கையாகப் போகட்டும் என்பது வேறு, அதை மதிக்கிறேன். மருந்தும் இல்லாமல் மொட்டை மாடியில் சாக்கு விரித்துப் படுக்க வைப்பதை இந்த நாலில் ஒரு வழியாகக்கூட நான் எண்ண மாட்டேன்.

பாவம் என்ற கேள்வி புதிதல்ல. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் மீள வழியில்லாமல் துடித்த ஒரு கன்றுக்கு காந்தி டாக்டரை வைத்து ஊசி போடச் செய்தார். அகிம்சைவாதியே இப்படிச் செய்யலாமா என்று கோபக் கடிதங்கள் குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை, அதுவும் அகிம்சைதான் என்று எழுதினார்.

ஊசி என்றால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முதலில் மயக்க மருந்து, நாய் முழுமையாக மயங்கிய பிறகே அடுத்த மருந்து. மயக்காமல் நேராகப் பொட்டாசியம் குளோரைடு போடுவேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், விழித்திருக்கும் விலங்குக்கு அது கொடுமை. எல்லாம் முடிந்த பிறகும் கண் மூடாது, ஓரிரு முறை மூச்சு இழுத்தது போல உடம்பு அசையலாம், சிறுநீர் போகலாம். இது தெரியாதவர்கள்தான் “அதுக்கு உயிர் இருந்துச்சோ” என்று வருஷக்கணக்கில் மருகுகிறார்கள். முடிந்தால் வீட்டுக்கு வரும் டாக்டராகப் பாருங்கள், ஆஸ்பத்திரி மேஜையைப் பார்த்தாலே நடுங்கும் நாயைக் கடைசியாகவும் அங்கே தூக்கிப்போக வேண்டாம்.

எப்போது என்பதற்கு அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லாலோபோஸ் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் (வலி இல்லையென்றால்தான் வலிக்குப் பத்து), மொத்தம் 35-க்கு மேல் என்றால் தொடரலாம். வீட்டில் ஆளுக்கு ஒரு தாளில் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க நல்லது. ஆனால் கூட்டலை மட்டும் நம்பாதீர்கள். ஆறில் ஆறாறு வாங்கி வலியில் சுழியம் என்றாலும் 36 வந்துவிடும்!

என் தேர்வு: நாள்பட்ட நோய் என்றால் வீட்டு வைத்தியம், ஆனால் எதுவரை என்ற எல்லைக்கோட்டை முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும். குமட்டல் மருந்து கொடுத்தும் இரண்டு நாள் எதையும் தொடவில்லை, அல்லது ஒரு முறை வலிப்பு வந்துவிட்டது என்றால் ஊசி. நள்ளிரவில் அழுதுகொண்டே எடுக்கிற முடிவைவிட, நாய் இன்னும் வாலாட்டிக்கொண்டிருக்கும்போதே டாக்டரிடம் பேசி எழுதி வைத்த முடிவு நிதானமாக இருக்கும்.

கடைசியாக உடல். உங்கள் ஊரில் செல்லப்பிராணிகளுக்குத் தகன வசதி இருந்தால் அதுவே சுலபம். சொந்த இடத்தில் புதைப்பதானால் கிணற்றிலிருந்து தள்ளி, தெருநாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். உயிரை முடிக்கப் போடும் பார்பிட்யூரேட் வகை மருந்து செத்த உடலிலும் தங்கியிருக்கும், அதைத் தின்கிற நாயும் பருந்தும் கழுகும் சாகும். காட்டோரத்தில் கொண்டுபோய்ப் போடுவது கூடவே கூடாது. என்ன மருந்து போட்டார்கள் என்று டாக்டரிடம் கேட்டு, குழி தோண்ட வருபவரிடமும் சொல்லிவிடுங்கள்.