வீட்டில் செய்யும் கொரோனா டெஸ்ட் கிட்: இரண்டு கோட்டை நம்பலாம், ஒரு கோட்டை நம்பாதீர்கள்

கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்தவற்றில் பாதி இப்போது எங்கே கிடக்கின்றன என்றே தெரியவில்லை. நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானிக்கு பேட்டரி போய்விட்டது, முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் தடுப்பு பரணில், சானிடைசர் பாட்டில்களை யார் தீர்த்தார்களோ. வீட்டில் யாராவது இருமித் தும்ம ஆரம்பித்தால் நான் இன்றும் தேடிப் போகிற ஒரே பொருள் ரேபிட் ஆண்டிஜென் கிட்தான், அதாவது மூக்குச் சளியில் வைரஸின் புரதம் இருக்கிறதா என்று சில நிமிடங்களில் காட்டும் டெஸ்ட். அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதமே அறிவித்துவிட்டது, ஆனால் வைரஸ் எங்கேயும் போய்விடவில்லை, கிட்டும் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. பல கம்பெனிகளுடையதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பெயர் எதையும் இழுக்காமல் பொதுவாகவே எழுதுகிறேன்.

பெட்டியைப் பிரித்தால் உறையிட்ட பஞ்சுக் குச்சி, கரைசல் உள்ள குட்டிக் குழாய், அலுமினியப் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை, அப்புறம் எறும்பு எழுத்தில் அச்சடித்துப் பல மடிப்பாக மடித்த ஒரு தாள். இந்தப் பொருளிலேயே மகா மோசமான பகுதி அந்தத் தாள்தான். காய்ச்சலில் தலை கனக்கிறவர்தான் இதைப் படிக்கப் போகிறார் என்று அதை வடிவமைத்தவர்களில் ஒருவர்கூட யோசித்ததாகத் தெரியவில்லை. எத்தனை சொட்டு விட வேண்டும், எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், இந்த இரண்டும்தான் முக்கியம், இந்த இரண்டும்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் போன தடவை செய்த ஞாபகத்தில் செய்யவும் முடியாது. ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ஆறு எச்சரிக்கைகளையும் நான்கு மறுப்புகளையும் தாண்ட வேண்டும். ஒரு கிட்டில் குழாயின் வாயில் ஒட்டியிருந்த தகட்டை உரிக்கும்போதே பாதிக் கரைசல் மேசையில் கொட்டிவிட்டது. மாற்றுக் குழாய் எதுவும் உள்ளே வைப்பதில்லை.

குச்சியை மூக்கில் விடுவதற்கு யாரும் பயப்பட வேண்டாம். 2020-ல் ஆய்வகத்துக்கு அனுப்பும் பி.சி.ஆர். டெஸ்ட் எடுக்க வரிசையில் நின்றவர்களுக்கு, மூக்கின் பின்கோடி வரைக்கும் குச்சி போய்க் கண்ணில் நீர் முட்டியது மறந்திருக்காது. இதில் பஞ்சு நுனி மறையும் அளவுக்கு விட்டால் போதும், ஆனால் உள்சுவரில் நன்றாக ஒட்டிச் சுழற்ற வேண்டும், இரண்டு பக்கமும். பிறகு குழாயில் கலக்கி, குழாயைப் பிழிந்து குச்சியை எடுத்துவிட்டு, சொட்டு விட்டதும் வெள்ளைப் பட்டையில் இளஞ்சிவப்பு நீர் அடியிலிருந்து ஏறும். முதலில் ஜன்னல் முழுக்கச் சிவக்கும், அப்புறம் பின்னணி மெல்ல வெளுத்து ‘சி’ (கன்ட்ரோல், கிட் ஓடியதா என்று காட்டுவது) என்று போட்ட இடத்தில் கோடு தெளியும். ‘டி’ (டெஸ்ட், தொற்றைக் காட்டுவது) என்ற இடத்தைத்தான் எல்லோரும் குனிந்து பார்ப்பது. அங்கே கோடு இருக்கிறதா, நம் கண்தான் போட்டுக்கொள்கிறதா என்று விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். குறித்த நேரத்துக்குள் விழுந்திருந்தால் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். நேரம் தாண்டிய பிறகு குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுப் பதறுவதில் அர்த்தமில்லை, காய்ந்த பட்டையில் நிழல் மாதிரி ஒன்று விழுவது உண்டு.

பட்டைக்குள் நடப்பது எளிமையான விஷயம், கர்ப்பப் பரிசோதனைப் பட்டையின் அதே நுட்பம். பெரும்பாலான கிட்களில் நிறமேற்றிய ஆன்டிபாடிகள் (வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்கள்), பல சமயம் நுண்ணிய தங்கத் துகள்களோடு சேர்த்தவை, காய்ந்த நிலையில் காத்திருக்கும். சளியில் வைரஸின் ‘நியூக்ளியோகேப்சிட்’ புரதம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே நகரும், ‘டி’ கோட்டில் இன்னொரு ஆன்டிபாடி அந்தப் புரதத்தைப் பிடித்து நிறுத்தும், அங்கே நிறம் தேங்கும். ‘சி’ கோடு விழவில்லை என்றால் டெஸ்டே செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘சி’ கோடு விழுந்தால் எல்லாம் சரியாக நடந்தது என்று நினைப்பதுதான் வினை. நீர் ஓடியது, ரசாயனங்கள் வேலை செய்தன, அவ்வளவுதான் அந்தக் கோட்டின் பொருள். பெரும்பாலான கிட்களில் குச்சியை மூக்கில் விடாமலே கரைசலில் முக்கினாலும் ‘சி’ கோடு ஜம்மென்று விழும். குழந்தை முரண்டு பிடிக்கிறது என்று மூக்கு வாசலில் தடவி எடுத்துவிட்டு நெகட்டிவ் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, நெகட்டிவ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னுடைய புகாரே அங்கேதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022-ல் ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அறிகுறி உள்ள தொற்றாளர்கள் 100 பேரில் சராசரியாக 73 பேரைத்தான் இந்த வகை டெஸ்ட் கண்டுபிடித்தது. அறிகுறி இல்லாதவர்களில் அது 55 பேருக்குப் போய்விட்டது. அதாவது தொண்டை வலி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் ‘எதற்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்வோம்’ என்று செய்கிற டெஸ்ட், தொற்று இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை விட்டுவிடுகிறது. பெட்டியின் மேலே என்ன போட்டிருக்கிறது? 97, 98 என்று கண்ணைப் பறிக்கும் சதவீதங்கள். கம்பெனிகளே நடத்திய சோதனையின் கணக்கு அது, நோய் உச்சத்தில் இருக்கும்போது எடுத்த மாதிரிகள் அதில் நிறைய இருந்தால் எண் தானாக ஏறும்.

‘நெகட்டிவ்தானே வந்திருக்கிறது, அப்புறம் ஏன் பாட்டியைப் பார்க்கப் போகக் கூடாது?’ என்ற வாதம் எங்கள் வீட்டில் பலமுறை நடந்திருக்கிறது, உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். முதல் நாள் தொண்டை கரகரப்பில் நெகட்டிவ் வந்து, மூன்றாம் நான்காம் நாள் அழுத்தமாக இரண்டு கோடு விழுவது ஒமைக்ரான் வந்த பிறகு சர்வ சாதாரணம். தடுப்பூசி போட்ட உடம்போ ஏற்கெனவே தொற்று கண்ட உடம்போ வைரஸ் பெருகி முடிக்கும் முன்பே சண்டைக்கு இறங்கிவிடுகிறது, அறிகுறி முந்திக்கொள்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் இதற்காகவே பரிந்துரையை மாற்றிச் சொன்னது. அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று, அறிகுறியே இல்லாவிட்டால் அதே இடைவெளியில் மொத்தம் மூன்று. ஒற்றை டெஸ்டை ஒரு பெட்டியில் போட்டு விற்கிறவர்கள் இதை எழுதுவது பெட்டியின் எந்த மூலையில் என்று பாருங்கள்.

பாசிட்டிவ் வந்தால் கதை வேறு. தொற்று இல்லாதவருக்குத் தவறாக ஆமாம் சொல்வது 100-க்கு ஒன்றுக்கும் குறைவு. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: சுற்றிலும் தொற்று மிகக் குறைவாக உள்ள காலத்தில் அறிகுறி இல்லாத ஆயிரம் பேருக்கு எடுத்தால், விழுகிற சில பாசிட்டிவ்களில் பாதி பொய்யாக இருக்கலாம். காய்ச்சலோடு, அலை ஏறும் நேரத்தில், பக்கத்தில் இருந்தவருக்கு உறுதியான பிறகு விழுகிற கோட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. இங்கேதான் கிட் பி.சி.ஆரை ஜெயிக்கிறது. பி.சி.ஆர். நுணுக்கமானது, மறுக்கவில்லை, ஆனால் வைரஸின் மரபணுத் துணுக்குகளைப் பெருக்கிப் பார்ப்பதால் ஆள் தேறி வாரக்கணக்கில் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டும், போதாக்குறைக்கு முடிவு வருவதற்குள் தனிமையில் இருந்தவருக்குக் காய்ச்சலே போய்விடும். அறைக்குள் அடைபட்டிருப்பவர் எப்போது வெளியே வரலாம் என்று பார்க்க, கோடு நாளுக்கு நாள் மங்கி மறைவதைக் கவனிப்பதே எனக்கு உருப்படியாகத் தெரிந்தது.

தடுப்பூசி போட்ட மறுநாள் காய்ச்சல் அடித்து, டெஸ்ட் எடுத்தால் ஊசியால் பாசிட்டிவ் வருமோ என்று கேட்டவர்கள் நிறைய. வராது. பரவலாகப் போடப்பட்ட எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் அடினோவைரஸ் வகைகளும் உடம்புக்குக் கற்றுத் தருவது வைரஸின் மேலே முள்ளாக நிற்கும் ‘ஸ்பைக்’ புரதத்தை, கிட் தேடுவதோ நியூக்ளியோகேப்சிடை. முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசி என்றாலும் அது போடப்படுவது கையில், நாம் துடைத்து எடுப்பது மூக்கில். பழச்சாறும் கோலாவும் ஊற்றினால் ‘டி’ கோடு விழும் என்று பள்ளிக்கு மட்டம் போடக் கண்டுபிடித்த பிள்ளைகளைப் பற்றியும் படித்திருப்பீர்கள். அது உண்மைதான், புளிப்பு ஏறினால் ஆன்டிபாடிகள் குலைந்துபோய் ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டிக்கொள்ளும், கரைசலைக் கலந்திருந்தால் அந்தப் புளிப்பு அடங்கிவிடும். கரைசல் குழாய் பார்ப்பதற்குக் கண்மருந்து பாட்டில் மாதிரியே இருக்கிறது, அப்படி நினைத்துக் கண்ணில் விட்டவர்களும் உண்டு. சிலவற்றில் சோடியம் அசைடு என்ற நச்சு சிறிதளவு இருக்கும் என்பதால் மருந்து டப்பாவோடு சேர்த்து வைக்காதீர்கள்.

வாங்குகிறவர்களுக்கு: இரண்டு டெஸ்ட் உள்ள பெட்டியாக எடுங்கள், ஒற்றையாக வேண்டாம். பெரும்பாலானவற்றை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள், எனவே வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்ததை நம்ப வேண்டாம், குளிர்ந்து கிடந்ததை அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பிரியுங்கள். காலாவதித் தேதி தாண்டியிருந்தால் உடனே தூக்கி எறியவும் வேண்டாம், சில கம்பெனிகள் பிற்பாடு சோதித்துப் பார்த்து ஆயுளை நீட்டியிருக்கின்றன, தொகுதி எண்ணைக் கொடுத்தால் அவர்களுடைய தளத்திலேயே புதிய தேதி தெரியும். அந்த எண்ணையும் எறும்பு எழுத்தில்தான் அடித்திருக்கிறார்கள், போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.